நொன்னா வீட்டில் தக்காளி நாள்

1974 ஓகஸ்ட் 26, திங்கள்

காலையில் மழை. மத்தியானத்துக்குப் பிறகு புழுக்கம். ஸ்ட்ரீட்கார் டிராமில் இடமில்லை, டஃபரின் தெரு வரை நின்றே வந்தேன். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. நல்லது.

நாள் தள்ளி 19.

இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். இவருக்குச் சொல்லவில்லை. கலியாணம் முடித்த ஆறு வருடத்தில் இரண்டு தடவை சொன்னேன், இரண்டும் அழிந்து போயின. முதலாவது யாழ்ப்பாணத்தில். இரண்டாவது இங்கே, வந்த முதல் பனிக்காலத்தில். அன்றைக்கு இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளே, கட்டடப் பிளான் வரைகிற தன் அலுவலகத்தில் ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் நான் தூங்கின பிறகுதான் வீடு. மனிதரை மூன்றாந்தரமும் சந்தோஷப்படுத்திவிட்டு விழுத்த எனக்குத் துணிவில்லை. நாற்பது நாள் ஆகட்டும், சொல்வேன்.

வாங்க: வெங்காயம், பால், இவருக்குச் சவர பிளேட், கறுப்பு நூல்.

கீழே போத்தல் கழுவும் சத்தம். நொன்னா தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டுக்காரி. சொந்தப் பெயர் கொன்செத்தா, ஆனால் தபால்காரன்கூட நொன்னா என்றுதான் கூப்பிடுகிறான். அவர்கள் பாஷையில் அம்மம்மா. சிசிலிக்காரி, எழுபத்திரண்டு வயது, புருஷன் போய் ஒன்பது வருடம், இன்னும் கறுப்புச் சட்டைதான். கீழ்வீடு முழுக்க அவருக்கு. மேலே இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் எங்களுக்கு.

போத்தல் எல்லாம் பியர்ப் போத்தல். அந்த வீட்டில் ஒருவரும் பியர் குடிப்பதில்லை. தெருவே குடித்ததை வருடம் முழுக்கச் சேர்த்து வைக்கிறார்.

ஓகஸ்ட் 28, புதன்

வெயில். 21.

அலுவலகத்தில் பழைய ஃபைல் எல்லாம் கீழே இறக்கச் சொன்னார்கள். இடுப்புப் பிடிப்பு என்று பொய் சொன்னேன். பொய் சொல்ல நன்றாகவே வருகிறது.

வேலையால் வந்தபோது நொன்னா படியில் மறித்தார். சனிக்கிழமை தக்காளி நாள், வருடம் முழுக்கத் தேவையான சோஸைச் செய்து போத்தலில் அடைக்கிற நாள், இரண்டு பேரும் வர வேண்டும். போன வருடம் ஜன்னலால் எட்டிப் பார்க்கத்தான் விட்டார். இந்த முறை அழைப்பு. நான் செத்தல் மிளகாய் பொரித்தால் கீழே எல்லாக் கதவையும் அடித்துச் சாத்துகிற மனுசி. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

நொன்னாவின் ஆங்கிலத்தில் வினைச்சொல் கிடையாது. ஆனால் என் காதுக்கு அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதி வைக்கிறேன்.

சோஸ் எப்படி என்று கேட்டேன். குசினிக்குள் இழுத்துப் போய்ச் செய்தே காட்டினார். போன வருடப் போத்தலில் கடைசி ஒன்று.

ஒலிவ் எண்ணெய், பயப்படாமல்.
வெங்காயம் பொடியாக. சிவக்கக் கூடாது.
உள்ளிப்பூண்டு இரண்டு பல்லு, பிறகு எடுத்து எறி.
கட்டித் தக்காளிக் களி ஒரு கரண்டி. எண்ணெயிலேயே வதக்கு, நிறம் இருளும் வரை. (இதுதான் விஷயம்.)
போத்தல் சோஸ். தண்ணீர் அதே போத்தலைக் கழுவி.
சீனி ஒரு கிள்ளு. உப்பு?

உப்புக்கு அளவு கேட்டேன். கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் கை என் கையைப் போல இரண்டு மடங்கு.

அந்தக் களியை அவருடைய ஊரில் கூரையில் பலகை போட்டுக் காயவைப்பார்களாம். அவருடைய தாய் விடியக் காலையிலிருந்து மரக்கரண்டியால் புரட்டிக்கொண்டு நிற்பாராம், கை முழங்கை வரை சிவப்பாம். "நான் ஈ கலைக்கிற ஆள். நித்திரையாகிப் போனன். அடி வாங்கினன்" என்றார், அறுபத்தைந்து வருடத்துக்கு முந்திய அடிக்கு இன்றைக்கும் கன்னத்தைத் தடவிக்கொண்டு.

எங்கள் அம்மா வேப்பம்பூ வடகம் காயப்போட்டால் காகம் கலைக்கிற ஆள் நான். நானும் நித்திரைதான். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஓகஸ்ட் 30, வெள்ளி

23. முகில்.

வெள்ளிக்கிழமையில் கீழேயும் இறைச்சி இல்லை, மேலேயும் இல்லை. அவர்கள் யேசுவுக்கு, நாங்கள் பிள்ளையாருக்கு.

பின்னேரம் ரோசா புருஷனோடு வந்தாள். நொன்னாவின் மகள், நாற்பத்தெட்டு வயது, வங்கியில் வேலை. பதினாறு கூடை தக்காளி இறக்கினார்கள், கராஜ் நிறைந்துவிட்டது. ரோசா என்னை ஓரமாகக் கூட்டிப் போனாள், முகம் சிவந்திருந்தது.

"அம்மா உம்மட்டை ஒண்டு கேக்கச் சொன்னவ. வெக்கமாக் கிடக்கு. உமக்கு இப்ப அந்த நாளோ?"

அந்த நாளென்றால் சோஸைத் தொடக் கூடாதாம். கை பட்டால் பழுதாகும், போத்தல் வெடிக்கும். அப்படிப்பட்டவர்கள் நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து வெறும் போத்தலைத் துடைக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா ஊறுகாய்ச் சாடிப் பக்கம் என்னை விடாத அதே கதை, கப்பல் ஏறி எனக்கு முதலே இங்கே வந்து குந்திக்கொண்டிருக்கிறது. நான் இரசாயனம் படித்தவள். உப்பு, அமிலம், சூடு, அவ்வளவுதான் என்று ரோசாவுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன்.

பிறகு இல்லை என்றேன். "எனக்கு இல்லை." அந்தச் சொல்லை ஒருவருக்கு வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் உடுப்பு எடுக்கப் போனேன். நொன்னா கொடிக்குக் கீழே நின்றார்.

"போன மாசம் உன்ரை துணி கயித்திலை கிடந்தது. இந்த மாசம் இல்லை."

சேலைக்குக் கீழே மறைத்துத்தான் காயப்போடுவேன். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை. என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். வாயில் விரலை வைத்தார், ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று.

"நாளைக்குப் போத்தலுக்கை வாசனை இலை போடுறது நீ. எல்லாப் போத்தலுக்கும் நீதான். பிள்ளை வயித்திலை இருக்கிற கை. ஒரு போத்தலும் வெடிக்காது."

படியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். எழுதவும் பயமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 31, சனி

விடிய ஆறுக்குத் தொடங்கியது. நல்ல வெயில். இப்போது மாலை ஏழு. கால் மரத்துவிட்டது.

ஒழுங்கு: ரோசா கழுவி, அழுகலை வெட்டி எறிவாள். அவளுடைய புருஷன் அவிப்பான். தலையணை உறையில் கட்டித் தண்ணீர் வடிய விடுவார்கள். மெஷினைச் சுற்றுவது இவர். சாறு ஒரு பக்கம், தோலும் விதையும் மறுபக்கம். "உது எங்கடை இடியப்ப உரலை விடச் சுகம்" என்றார், முழங்கை வரை சிவப்பாக, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு. இவரை இப்படிப் பார்த்து எவ்வளவு காலம்.

என் வேலை போத்தல் வாயில் ஒரு பாசிலிக்கோ இலை. துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை. நொன்னா புனல் வைத்து ஊற்றுவார், நான் மூடியை வைத்து அமத்துவேன். இருநூறுக்கு மேல்.

இரண்டு மணிக்குக் கீழ்வீட்டுக் கழிவறைக்குப் போனேன்.

போய்விட்டது. இரத்தம், கொஞ்சம் அல்ல. எனக்குத் தெரியும், இரண்டு தடவை தெரியும்.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேனோ. ரோசா கதவைத் தட்டினாள். கையைக் கழுவினேன், துணி வைத்துக்கொண்டு திரும்பிப் போய் இலையைக் கையில் எடுத்தேன். நிழலில் அந்தக் கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் தெரியும். மெஷின் பக்கத்தில் இவர் சிரித்துக்கொண்டு நின்றார். நிற்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மணி வரை நின்றேன்.

பழைய எண்ணெய்ப் பீப்பாயில் போத்தலை அடுக்கி, இடையிடையே கந்தைத் துணி, தண்ணீர், கீழே விறகு. கொதிக்கத் தொடங்கியதும் டப் என்று ஒன்று. நொன்னா சிலுவை போட்டார். பிறகு இன்னொன்று. நான் மேலே வந்துவிட்டேன். இங்கேயும் கேட்கிறது.

இரசாயனம் படித்தவள் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இவருக்கு: தலையிடி என்றேன்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

முகில். வயிற்றுக் குத்து. அஸ்பிரின் இரண்டு.

ஆறின பீப்பாயைக் காலையில் திறந்தார்கள். இவர் கட்டாயப்படுத்தி இழுத்துப் போனார். வெடித்தது பதினொன்று. தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பு. கந்தைத் துணியை ஒருவர் தூக்கிப் பிழிந்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நொன்னா கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். பிறகு நிமிர்ந்து ரோசாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ரோசா, "என்னை ஏன் பாக்கிறீங்கள்?" என்றாள். அது ஆங்கிலத்தில். மீதி பெரும்பாலும் சிசிலி பாஷையில், கத்தல். ரோசா மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவம், அவளுக்கு அது நின்றே ஒரு வருடமாம், எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வைத்தார்கள். அப்போதும் தாய் நம்பவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. கோழை.

இவருடைய அம்மாவிடமிருந்து கடிதம் வந்து கிடக்கிறது. என்ன கேட்டிருப்பா என்று பிரிக்காமலே தெரியும். பிரிக்கவில்லை.

செப்டெம்பர் 2, திங்கள்

லேபர் டே, தொழிலாளர் தின லீவு. இவர் கூட்டாளி ஒருவருக்கு வீடு மாற உதவப் போனார்.

பத்து மணிக்குக் கீழே டெலிபோனில் நொன்னாவின் குரல். தாயும் மகளும் மறுபடியும். பாஷை தெரியாவிட்டாலும் அழுகை தெரியும். ரிசீவரை அடித்து வைத்தார்.

நான் கீழே போனேன். முகம் கழுவாமல், தலை இழுக்காமல்.

நொன்னா மேசையடியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். "ரோசா இல்லை" என்றேன். "நான்தான். சனிக்கிழமை. பிள்ளை போச்சு." அவருடைய ஆங்கிலம் மாதிரியே வந்தது, அரைகுறையாக.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் எழும்பினார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எத்தினை மணிக்கு?"

"இரண்டு."

"இரண்டிலை இருந்து ஆறு மட்டும் நிண்டனி. இந்த வெயிலுக்கை. எனக்குப் பக்கத்திலை." என் கன்னத்தைப் பிடித்தார். "கதிரை கிடந்ததெல்லே பிள்ளை. ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? உன்னைக் கொண்டுபோய்ப் படுத்தியிருப்பன்."

"போத்தல்" என்றேன்.

"போத்தலைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு" என்றார். கெட்ட வார்த்தையும் ஒன்று சொன்னார், அது எனக்குத் தெரிந்த சிசிலிச் சொற்களில் ஒன்று.

என்னைத் தன் கட்டிலில் படுக்க வைத்து இரண்டு போர்வை போர்த்தினார். செப்டெம்பர் மாதத்தில். ரோசாவுக்கு டெலிபோன் எடுத்து ஒரு நிமிடம் கத்தினார். அது மன்னிப்புத்தான் என்று ரோசா பிறகு சொன்னாள். அரை மணித்தியாலத்தில் ரோசா வந்துவிட்டாள், என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பேசாமல் படும்" என்றாள். நாளைக்கு டொக்டரிடம் தன் காரில் கூட்டிப் போவாளாம்.

புதுச் சோஸில் கொஞ்சம் நூடில்ஸ். நொன்னா கரண்டியால் வாயில் தீத்தினார். சாப்பிட்டேன். பசித்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

"உன்ரை மனுசனுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

நொன்னா கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கும் மூண்டு போனது, ரோசாவுக்கு முந்தி. சால்வத்தோரேக்கு ஒண்டும் தெரியாது. சொல்லேல்லை. பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்." சுவரில் இருந்த புருஷனின் படத்தைப் பார்த்தார். "அவன் செத்தும் போனான்."

எழும்பிக் குசினிக்குப் போனார். உள்ளித் தோலைக் கூட்டி அள்ளினார்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

காற்று. திடீரென்று குளிர்.

அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். டொக்டர்: முழுவதும் போய்விட்டது, பயமில்லை, இரும்புக் குளிசை, மூன்று மாதம் பொறுங்கள், அடுத்த முறை உடனே வாருங்கள். அடுத்த முறை என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறார். ரோசா வெளியே காருக்குள் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாள்.

இவர் ஆறரைக்கு வந்தார். நொன்னா கொடுத்த சோஸ் மேசையில். வழக்கம்போல மிளகாய்த்தூளை மேலே தூவினார், கீழே தெரிந்தால் வீட்டை விட்டே கலைப்பார்கள். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவதுக்கு முதல் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். 19, 21, 23, சனிக்கிழமை, கழிவறை, பதினொரு போத்தல், எல்லாம்.

முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டார். சரி, நாளைக்கு ஓவர்டைம்தான் என்று நினைத்தேன்.

"நான் அங்கை சிரிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார்.

"அதுக்காகத்தான் சொல்லேல்லை."

"ஏனப்பா, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"போன முறை சொன்னனான். நீங்கள் வீட்டை வரேல்லை."

அதை இரண்டு வருடமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கத்தி, அழுது. வந்தது இப்படிச் சாதாரணமாக.

தலையைக் குனிந்தபடி இருந்தார். "ஓவர்டைம் செய்யேல்லை" என்றார். "அங்கை ஒரு வேலையும் இருக்கேல்லை. எல்லாரும் போன பிறகு வரைஞ்சதையே திருப்பி வரைஞ்சுகொண்டு இருந்தனான். வீட்டை வந்தா என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த இரண்டு மாதமும் இவர் அங்கே தனியாக, நான் இங்கே தனியாக. என்ன பைத்தியக்காரத்தனம். பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தார். கையில் இன்னும் தக்காளிக் கறை, நகக்கண்ணில்.

"இதுக்குப் பேர் ஏதும் யோசிச்சு வைச்சனீரோ?"

ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை.

"ஓம்."

"சொல்லும்."

சொன்னேன். இவரும் மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதை இங்கே எழுதப்போவதில்லை.