தொட்டிக்கு மாட்டிய படி

அன்புள்ள அத்தானுக்கு,

நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே மகன், மருமகள், நான் மூவரும் சுகம். உங்கள் இருமல் நின்றுவிட்டதா? போனில் பேசினால் இவர்கள் காதில் விழும் என்றுதான் டல்லாஸிலிருந்து எழுதுகிறேன்.

கொல்லையில் ஆள் உயரத்துக்கு நீச்சல் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குப் படி மாட்டும் வேலை எனக்கு. இங்கிலீஷ் தாளை எழுத்துக்கூட்டி வாசித்து, நாற்பத்தாறு திருகாணியையும் எண்ணி முடுக்கினேன். நம் குமரகுருபரன் சிரித்தான். "எம்மா, மொதல்ல நீ ஏறு. ஒன்னயத் தாங்கினா யாரையும் தாங்கும்லா!"

தாங்கியது. முங்கிக் குளித்து எட்டு மாதமான ஆசையில், ஆற்றில் இறங்குவதுபோல் படிக்கு மஞ்சள் பூசி, பொருநைத் தாயை நினைத்துத் தண்ணீரில் கால் வைத்தேன். மருமகள் ஓடிவந்தாள். "ஐயோ அத்தே, தண்ணி பூரா நாசம்! வெளிய வாங்க."

தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியை என்னையே தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். நேற்று புதுத் தண்ணீரில் குளித்த விருந்தாளிகள் படியைப் பாராட்டினார்கள். "ஆள் வச்சு மாட்டினோம்" என்றான் குமரன். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

யாராவது வந்தால் முழங்கால் தைலம் கொடுத்தனுப்புங்கள். ஐப்பசி பிறந்ததும் ஆற்றில் என் பேருக்கும் ஒரு முங்கு போடுங்கள். கடிதத்தில் என்ன என்று குமரன் கேட்டால், அம்மா தினமும் தொட்டியில் குளிப்பதாக எழுதினாள் என்று சொல்லிவிடுங்கள். கூப்பிடுகிறார்கள்.

பிரம்மநாயகி