ஏறாத ரயிலுக்கு டிக்கெட்

வில்லியனூர் கொம்யூன்,
4.5.2025

அன்புள்ள ஃபர்ஹீனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு திட்டுவேன். போனில் என்றால் கத்திவிடுவேன்.

நம் ஸ்டேஷன் வரலாறு என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறாயே, "ஊர்மக்கள் ஆதரவில்லாமல் நிறுத்தம் ரத்தானது" என்று யாரடி உனக்குச் சொன்னது? அங்கே டிக்கெட் கொடுத்தவள் நான். ரயில் நிற்க வேண்டுமென்று நம் அப்பாக்கள் கரும்பு வெட்டை விட்டுவிட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஊரே மண் சுமந்து மேடை போட்டது. விற்பனை குறைந்தால் நிறுத்தம் போய்விடும் என்றதும், ஏறாதவர்கள்கூட தினமும் அடுத்த ஸ்டேஷனான வில்லியனூருக்கு டிக்கெட் வாங்கினார்கள். பச்சையப்பன் மாமா அதை மடியில் செருகிக்கொண்டு நடவுக்குப் போவார். "ஏறலன்னா இன்னாடி, வண்டி நின்னா போதும்" என்பார். ஒருநாள் அதிகாரி வந்தார். டிக்கெட் விற்றிருக்கிறது, மேடையில் ஆளில்லை. அதோடு நிறுத்தம் போனது.

நிறுத்தம் கேட்டு மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். தயவுசெய்து திருத்தி எழுது.

உன்
செல்வி

சென்னை,
18.5.2025

என் செல்விக்கு,

வெட்கமாக இருக்கிறதடி. ரயில்வே அலுவலகத்தில் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். திருத்தம் இந்த வாரமே வருகிறது. ஏறாத ரயிலுக்கு டிக்கெட் வாங்கிய ஊர், எவ்வளவு அழகு! மாமா பெயரோடு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இங்கே எல்லாரும் ரசித்துச் சிரிக்கிறார்கள். இனி கோபம் இல்லையே? அம்மாவை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
ஃபர்ஹீன்

வில்லியனூர் கொம்யூன்,
20.7.2025

ஃபர்ஹீன்,

மனு திரும்பி வந்துவிட்டது. டிக்கெட் விற்பனையே போலி என்று பத்திரிகையில் வந்திருக்கிறதாம். உன் கட்டுரையை நகலெடுத்துப் பின்னால் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். திருத்தத்தான் சொன்னேன், காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. சிநேகிதி என்று நம்பிச் சொன்னதை ஊர் சிரிக்கப் போட்டுவிட்டாய். மாமா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதையும் தெரிந்துகொள். தினமும் முதல் டிக்கெட் வாங்கியது உன் அம்மா. ரோஷன் பீவியம்மா தன் கடையைத் திறக்கும் முன்பே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்தக் காலோடு எங்கே ஏறுவார்? "எம்பொண்ணு ஊருக்கு வரசொல்ல வண்டி இங்க நிக்கணும்மா" என்பார். நீ ஒவ்வொரு தடவையும் காரில்தான் வந்தாய்.

மனு என்ன ஆனது என்று நேற்றும் கேட்டார். நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல். ரயிலில் வா. வில்லியனூரில் இறங்கி நட.

செல்வகுமாரி