வானொலிப் பூசையில் உம்முடைய குரல்

இன்று காலை, சுவிஸில் ஓல்டன் நகரத்து வீட்டுக் குசினியில் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு வானொலியைப் போட்டேன். ஏதோவொரு மலைக்கிராமத்து மாதா கோயில் மணி கேட்டது. பிறகு ஜெர்மன் மொழியில் ஞாயிறு பூசை தொடங்கியது. நீர் போன பிறகு, இன்றுதான் அதை நிறுத்தாமல் கேட்டேன்.

புருசனும் பெண்சாதியுமாய் நாம் அகதிகளாக வந்த புதிதில் ஒரு சொல்லும் விளங்காமலே இதைக் கேட்போம். "விளங்காட்டி என்ன, பூசை பூசைதானே," என்பீர். அப்போது தமிழில் உம்மோடு கதைக்க என்னைத் தவிர ஆளில்லை. உம்முடைய குரல் எனக்கு மட்டும் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு சூரிச்சில் நம்மவர்கள் சின்னதாக ஒரு தமிழ் வானொலி தொடங்கினார்கள். ஞாயிறு தோறும் தமிழ்ப் பூசை. விவிலிய வாசகம் வாசிக்க உம்மைக் கூப்பிட்டார்கள். சில மாதங்களில், லாங்ஸ்ட்ராஸ தெருத் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை இருக்கிறதா என்று நீர் கேட்டதுமே ஒரு பெண் திரும்பினாள்.

"அக்கா, பூசையிலை வாசிக்கிறது நீங்களோ?"

அவள் உம்முடைய கையை விடவேயில்லை. நான் அரிசி மூட்டையோடு பின்னால் நின்றேன். திரும்பும் ரயிலில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன, முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

ஷாஃப்ஹவுசன் நகரில் படுக்கையில் கிடந்த மன்னார்ப் பெரியவர், ஒவ்வொரு பூசைக்குப் பிறகும் உமக்குத் தொலைபேசி எடுப்பார். அவரோடு கதைக்கும்போது உம்முடைய குரல் கனிந்துபோகும். என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போது அந்தக் கனிவைக் காணவில்லை என்று ஒருநாள் சொல்லியேவிட்டேன். நீர் சிரித்தீர்.

"ஏலாத மனுசன். அவருக்கு வானொலிதான் கோயில். உங்களுக்கு நான் பக்கத்திலை இருக்கிறனே."

பூசை தொலைக்காட்சிக்கும் வந்தது. கொரோனாக் காலத்தில் வெறுங்கோயிலில் நின்று ஒரு கைபேசியின் கமராவைப் பார்த்து வாசித்தீர். கனடாவிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்தது. எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது.

போன மாதம் பெரியவரின் மகள் அழைத்தாள். "அப்பா அக்கா வாசிச்சதெல்லாம் பதிஞ்சு வைச்சிருக்கிறார். ஒருக்கா வந்து கேளுங்கோ அண்ணை."

போனேன். அந்தச் சின்ன அறையில் உம்முடைய குரல் எழுந்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் கண்ணை மூடியபடி விரலை உயர்த்தினார்.

"இப்ப பாரும், இந்த இடத்திலை பிள்ளை ஒரு மூச்சு எடுக்கும்."

எடுத்தீர். அத்தனை வருடம் கூட இருந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. எழும்ப ஏலாத அந்த மனிதரின் கட்டிலைப் பார்த்து, அதில் நான் கிடந்திருக்கக்கூடாதா என்று எரிந்தேன்.

"இந்தப் பதிவிலை ஒரு கொப்பி எடுத்துத் தரட்டோ அண்ணை?" என்றாள் மகள்.

"வேண்டாம் பிள்ளை."

எல்லாருக்கும் வாசித்த குரலில் எனக்கொரு பங்கு வேண்டியிருக்கவில்லை.

நீர் கிடந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மாலை நான் புறப்பட எழும்பியபோது, "வெளியிலை குளிருது, ஜக்கெற்றைப் பூட்டிக்கொண்டு போங்கோ," என்றீர். எந்த வானொலியும் அதைப் பதியவில்லை. பெரியவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. அம்மா கடைசியாய் என்ன சொன்னா என்று நம் பிள்ளைகள் கேட்டும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.