புள்ளி வைத்து மறைத்த கோப்பு குறித்து என் மீதே நான் தரும் புகார்

அனுப்புநர்
ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தையின் தாய்,
மென்பொருள் நிரலர்.
(பெயரும் முகவரியும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. தங்கள் அலுவலகத்தில் வரும் மனுக்களை வாசல் பலகையில் குத்தி வைக்கும் வழக்கம் இருப்பதால் இந்த ஏற்பாடு.)

பெறுநர்
குழந்தைக் காப்பக உரிமம் மற்றும் கண்காணிப்பு அலுவலர்,
இரண்டாம் தளம், பழைய கோப்பு அறைக்கு எதிரில்.

பொருள்: குழந்தையின் சொந்த விவரங்கள் வெளியானது – உண்மையில் வெளியிட்டவரை அடையாளம் காட்டுதல் – பணியிடைநீக்கம் செய்யப்பட்ட பராமரிப்பாளரை உடனே பணியில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இம்மாதம் 3ஆம் தேதி நான் அளித்த புகார் மனு (நான்கு பக்கம், இணைப்புகள் ஆறு).
2. இம்மாதம் 9ஆம் தேதியிட்ட தங்கள் பணியிடைநீக்க ஆணை (அரைப் பக்கம்).

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. பார்வை 1இல் நான் குற்றம் சாட்டியிருந்த பராமரிப்பாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு செய்தவர் வேறொருவர். அவர் நான். இதைக் கடைசிப் பத்தியில்தான் முதலில் எழுதியிருந்தேன். மனுக்களில் முதல் பத்தியைத் தாண்டி யாரும் படிப்பதில்லை என்று தங்கள் எழுத்தர் தெரிவித்ததால் முன்னால் கொண்டுவந்துவிட்டேன்.

2. கடந்த வெள்ளிக்கிழமை என் புகாரைத் திரும்பப் பெறுவதற்காகத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கறதுக்கு ரூல் கிடையாதும்மா. ஆள் மாறிடுச்சுன்னா புது ஆள் பேர்ல புதுசா ஒண்ணு எழுதிக் கொடுங்க, பழசு தானா அடங்கிடும்" என்றார். புது ஆள் நான்தான் என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு படிவத்தையும் பார்த்தார். "புகார்தாரர்னு ஒரு கட்டம், எதிர்தரப்புன்னு ஒரு கட்டம். ரெண்டுலயும் ஒரே பேர் வரக்கூடாதுன்னு எங்கயும் போடலியே" என்றார். அவருடைய அந்த யோசனையின்படியே இம்மனு சமர்ப்பிக்கப்படுகிறது.

3. தனியுரிமை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். என் வீட்டுக்காரர் இதற்கு வேறொரு சொல் வைத்திருக்கிறார், அது மனுவுக்கு ஆகாது. எங்கள் வீட்டுக் கணினியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். குழந்தை பிறந்த அன்று நாத்தனார் குடும்பக் குழுவில் போட்ட படத்தை, மயக்கம் தெளிந்த அரைமணி நேரத்தில் அழிக்கச் சொன்னேன். மாமியாரை யாரும் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு செயலிக்கு மாற்றினேன். அவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். அன்று முதல் அவருடைய தனியுரிமை முழுமையாகக் காக்கப்பட்டு வருகிறது.

என் மகள் பகலில் இருக்கும் மேற்படி காப்பகம் சென்ற ஆண்டு ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. குழந்தை எப்போது தூங்கியது, என்ன சாப்பிட்டது, எத்தனை முறை துணி மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். அந்த விவரங்கள் யாருடைய கணினியில் போய்ச் சேர்கின்றன என்று கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் செயலியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கோடு போட்ட ஒரு நோட்டு வந்தது. ரப்பர் பேண்டு போட்டிருக்கும். பராமரிப்பாளர் தம் கையால் எழுதி, மாலையில் அந்தந்தத் தாயிடம் அந்தந்தப் பக்கத்தை மட்டும் காட்டுவார். அடுத்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொள்வார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

4. இனி நடந்தது. நான் நிரல் எழுதுவது கறுப்புத் திரையில் எழுத்து மட்டுமே தெரியும் ஒரு எடிட்டரில். அதற்கு மவுஸ் தேவையில்லை, எல்லாம் விசைகளிலேயே முடியும். ஒரு தோளில் குழந்தை தூங்கும்போது மறு கையால் வேலை செய்ய அதைப்போல வசதி வேறில்லை. அந்த எடிட்டரை என் கைக்குத் தோதாக ஆறு வருடமாகச் செதுக்கி வருகிறேன். செதுக்கிய அமைப்புக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேர் பிரதி எடுத்திருக்கிறார்கள். பிரசவ விடுப்புக்குப் பின் என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்துக்கொள்ள இருந்தது அந்த நாற்பத்தொன்று மட்டும்தான்.

அவர்களில் ஒருவர், முகம் தெரியாதவர், எங்கோ வேறு ஊரில் இருப்பவர், இம்மாதம் 2ஆம் தேதி எனக்கு எழுதினார்: "உங்க ஷார்ட்கட் எல்லாம் பிரமாதம். சுண்டெலிக்கு இடது தொடையில வந்த தடிப்பு சரியாப் போச்சா? என் பையனுக்கும் அப்படித்தான் வந்துது. துவைக்கிற சோப்பை மாத்தினோம், போயிடுச்சு."

5. என் மகளைச் சுண்டெலி என்று கூப்பிடும் ஆள் உலகத்தில் ஒருவர்தான், அது மேற்படி பராமரிப்பாளர். தொடைத் தடிப்பு பதிவாகியிருந்தது அவருடைய நோட்டில். பராமரிப்பாளரின் தம்பி மகன் கணினி படிக்கிறான் என்று எப்போதோ காதில் விழுந்த நினைவு வந்தது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன். அவரிடம் இருப்பது கேமரா இல்லாத, ஐந்தாம் எண் தேய்ந்துபோன பட்டன் போன். அதையும் ஒரு தந்திரமாகவே எடுத்துக்கொண்டேன். காகித நோட்டு பாதுகாப்பற்றது, இதை அனுமதித்தது யார் என்றுகூடப் பார்வை 1இன் மூன்றாம் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். அனுமதித்தது யார் என்பதைத் தாங்கள் பத்தி 3இல் காணலாம்.

6. தங்கள் ஆணை வந்தபின் ஒரு வாரம் கழித்து, 16ஆம் தேதி, அதே முகம் தெரியாதவர் மறுபடி எழுதினார்: "212ஆம் வரிக்கு அப்புறம் ஒண்ணுமே காணோமே. குழந்தை நல்லா இருக்கில்ல?"

வரி எண் சொல்லிக் கேட்டால் அது நோட்டு ஆகாது, கோப்புதான். நோட்டில் வரிகளை யாரும் எண்ணுவதில்லை.

குழந்தையைப் பற்றி நானும் தினமும் குறிப்பு எழுதி வந்தேன், அதே எடிட்டரில். புகார் கொடுத்த நாளோடு அது 212ஆம் வரியில் நின்றுபோயிருந்தது. வீட்டுக்காரர் படம் பார்ப்பதும் அதே கணினியில் என்பதால் அவர் கண்ணில் பட வேண்டாமென்று கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு பழக்கம்: முன்னால் புள்ளி வைத்த கோப்பு சாதாரணமாகப் பட்டியலில் தெரியாது. ஆனால் எடிட்டரின் அமைப்புக் கோப்புகள் எல்லாமும் புள்ளியில் தொடங்குபவைதான். அவற்றைத் தினமும் இணையத்தில் ஏற்றுவதற்கு நான் எழுதிய சிறு நிரலில் ஒரே ஒரு கட்டளை இருந்தது: புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் ஏற்று. ஆக, வீட்டில் ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று நான் வைத்த புள்ளிதான் அதை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறது. ஏழு மாதமாக, ஒரு நாள் தவறாமல். என் நிரல் பிழையில்லாமல் ஓடியிருக்கிறது என்பதைத் தொழில்முறையில் பதிவு செய்கிறேன்.

209ஆம் வரி இது: "அக்கா இவளைச் சுண்டெலி என்கிறார். சரிதானா? கவனிக்க வேண்டும்."

7. கோப்பை உடனே அழித்தேன். அழித்தும் பயனில்லை. நாங்கள் பயன்படுத்தும் கருவி, கோப்பின் ஒவ்வொரு நாளைய நிலையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எதுவும் தொலையாது என்பதுதான் அதன் சிறப்பு. இதை வலியுறுத்தி அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அந்த ஞாபகத்தையும் முழுதாகத் துடைத்த பிறகு, நாற்பத்தொரு பிரதிகள் பாக்கி. அவர்கள் மீதும் குற்றமில்லை. யாரையும் கேட்காமல் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமக் குறிப்பை முகப்பில் வைத்தவள் நான். அதன்படி என் மகளின் தடிப்பை அவர்கள் திருத்தியும் வெளியிடலாம். எல்லோருக்கும் தனித்தனியே எழுதிக் கேட்டேன். இதுவரை முப்பத்திரண்டு பேர் அழித்துவிட்டதாகப் பதில் தந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும், அழிக்கும் முன், தூக்க நேரக் கணக்கில் ஒரு கூட்டல் பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தார். பிழை உண்மையானதுதான்.

8. தாங்கள் 8ஆம் தேதி நடத்திய விசாரணையின் நகல், புகார்தாரர் என்ற முறையில் எனக்கு வந்தது. அப்போது அதை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. என் பக்கம் தீர்ப்பானதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். கோப்பை அழித்த பிறகுதான் எடுத்துப் படித்தேன். மேற்படி குடும்பத்தைப் பற்றி உமக்கு என்னென்ன தெரியும் என்ற கேள்விக்குப் பராமரிப்பாளரின் பதில் இவ்வாறு பதிவாகியுள்ளது: "தெரிஞ்சதைச் சொல்றதுக்கா சம்பளம் வாங்கறேன்?" இதை விசாரணைக்கு ஒத்துழையாமை என்று குறித்து, ஆணையில் அதையே முதல் காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள்.

அவருக்கு என்ன தெரியும் என்பதை நான் இங்கே சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் காப்பகத்தில் விட்ட முதல் இரண்டு வாரமும் நான் வாசலோடு திரும்பிப் போகவில்லை. பின்பக்கச் சாமான் அறையில், மடித்து வைத்த பாய்களின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. விசாரணையில் இதைச் சொல்லியிருந்தால், இந்தத் தாய்க்கு மனம் சரியில்லை, இவள் புகாரை நம்ப முடியாது என்று அன்றே தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அழுததை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் நாற்பத்தொரு பேரிடம் சொல்லியிருக்கிறேன், தேதி வாரியாக.

9. சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, வாசலில் செருப்பு ஜோடி ஒன்று. என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்ததும் அவர், "சுண்டெலி மத்தியானம் தூங்குதா?" என்று கேட்டார். இல்லை, ஒன்பது நாளாகத் தூங்கவில்லை, புது ஆள் தூக்கினாலே கத்துகிறாள் என்றேன். பிறகு புள்ளி விஷயத்தை முழுதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குப் புள்ளி விளங்கியதா என்று தெரியவில்லை. "எழுதி எழுதி வச்சா இப்படித்தான் ஆகும் கண்ணு. சாப்டியா?" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அவருடைய பணி அட்டையை இம்மாதம் 30ஆம் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும். தங்கள் ஆணை பதிவேட்டில் இருக்கும்வரை அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் வேறெந்தக் காப்பகமும் அவரைச் சேர்க்காது. பதினெட்டு வருடமாக அவர் பார்த்துவரும் வேலை, என்னுடைய பதினைந்து நிமிடத் துப்பறிதலால் இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும். அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. காப்பகத் தலைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

10. ஆகவே அம்மையீர் அவர்கள் கருணை கூர்ந்து,

அ) பார்வை 2இல் கண்ட ஆணையை ரத்து செய்து, அதன் பதிவை அவருடைய பணிப் பதிவேட்டிலிருந்து நீக்குமாறும் (நீக்கிய பிறகு பழைய நிலை வேறெங்காவது ஞாபகம் வைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்குமாறும்),

ஆ) 30ஆம் தேதிக்கு முன் அவருக்குப் பணி அட்டை கிடைக்க ஆவன செய்யுமாறும்,

இ) ஒத்துழையாமை என்று குறித்த இடத்தில் வேறு பொருத்தமான சொல்லை இடுமாறும்,

ஈ) குழந்தையின் விவரங்களை ஏழு மாதம் ஒழுங்காக வெளியிட்டு வந்த குற்றத்துக்காக என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்குமாறும் வேண்டுகிறேன். விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் புகார்தாரரும் எதிர்தரப்பும் தவறாமல் சேர்ந்தே வருவார்கள்.

11. புறப்படும்போது பராமரிப்பாளர், என் மகளை மத்தியானத்தில் எப்படித் தூங்க வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாளாகச் செய்து பார்க்கிறேன், என் கைக்கு வரவில்லை. அவர் கைதான் வேண்டும் போலிருக்கிறது. அது என்ன முறை என்பதை இம்மனுவில் குறிப்பிடவில்லை. வேறெங்கும் எழுதி வைக்கவுமில்லை.

இடம்: உறைக்குள்
நாள்: இம்மாதம் 20, குழந்தை ஒருவழியாகத் தூங்கிய பின்

இப்படிக்கு,
புகார்தாரர்: (கையொப்பம்)
எதிர்தரப்பு: (அதே கையொப்பம்)

இணைப்பு: 1. பெயர், முகவரி அடங்கிய மூடிய உறை.
2. விசாரணை நகல், பராமரிப்பாளரின் பதில் அடிக்கோடிட்டது.
3. மேற்படி கோப்பின் அச்சுப் பிரதி இணைக்கப்படவில்லை.