திருப்பி அடித்த Z

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மீன்படகு பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கை முழுக்க கிரீஸோடு இருந்தேன். கபிதான் அனிசெட்டோ வந்தார். எங்கள் வார்டுத் தலைவர். பத்து வருடமாக அவரேதான். பூசை முடிந்து நேராக வந்திருக்கிறார், சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

"என்ன புரொபஸர், இன்னைக்கும் பம்புக்குத்தான் பாடமா?"

நான் புரொபஸர் இல்லாமல் ஒன்பது வருடம் ஆகிறது. தெரிந்துதான் அப்படிக் கூப்பிடுவார்.

கையிலிருந்த அரிசிச் சாக்கைப் பிரித்தார். ஒரு கைத்துப்பாக்கி. இரும்பு எது, துரு எது என்று தெரியாத நிலை.

"எங்கப்பாவோடது. அரிசிப் பெட்டிக்கு அடியில கிடந்துச்சு. புதுசாக்கிக் குடு."

"நான் துப்பாக்கி வேலை செய்யறதில்ல கபிதான்."

"தெரியும். வருஷா வருஷம் உன் பட்டறை சர்ட்டிபிகேட்ல அப்படித்தானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்? இத மட்டும் செய்."

மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

பாகம் பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டேன். மேல்பாகத்தின் பக்கவாட்டில் துருவைத் துணியால் துடைத்தபோது எழுத்துகள் தெரிந்தன. DANAO. அப்பாவின் வேலை.

இந்த ஊரில் மற்றவர்கள் எல்லாம் தாங்கள் திருட்டுத்தனமாகச் செய்த துப்பாக்கியில் ஏதாவது அமெரிக்கப் பெயரைப் பொறிப்பார்கள். அப்பா மட்டும் ஊர்ப் பெயரைப் பொறித்தார். அதிலும் அந்த N. இரும்பில் எழுத்து அடிக்கும் அவருடைய பஞ்ச் பெட்டியில் N கிடையாது. Z-ஐக் கால் சுற்று திருப்பி வைத்து அடிப்பார். கொஞ்சம் குள்ளமான, தோள் அகன்ற N. எங்கள் தனாவ் ஊரில் எல்லாருக்கும் அந்த எழுத்தைத் தெரியும்.

N ஏன் இல்லை? நான் தொலைத்துவிட்டேனாம். ஒன்பது வயதில் அதற்காக ஃபேன் பெல்ட்டால் அடி வாங்கினேன். நான் தொலைக்கவில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 13

இன்னும் மண்ணெண்ணெயில்தான். ஒரு திருகு அசைய மறுக்கிறது. என்னைப் போல.

ஆகஸ்ட் 20

துரு போய்விட்டது. எமரித் தாளால் மூன்று நாள். குழலின் உட்புறம் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. கைப்பிடிக்கு நாரா மரத் துண்டு எடுத்து அரம் போட்டேன். கைக்குள் வந்து உட்கார்கிறது.

வேலை பிடித்திருக்கிறது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. பதினாறு வருடம் கல்லூரியில் இயந்திரவியல் நடத்தினேன். என் கையைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. துறைத்தலைவர் பதவி எனக்கு வரவேண்டியது. ஒரு மொட்டைக் கடிதம் போனது, விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். என் தங்கை நெனித்தாவிடம் கேட்டார்கள்: குடும்பத்தில் துப்பாக்கி செய்கிறார்களா? அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்: "எங்கப்பா செஞ்சாரு. அண்ணனுக்கும் செய்யத் தெரியும்." உண்மைதான். யார் இல்லை என்றது? உண்மையைச் சொல்ல அந்த ஒரு நாள்தான் கிடைத்ததா? பதவியோடு வேலையும் போயிற்று.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. நான்கு தெரு தள்ளி இருக்கிறாள். நவம்பர் ஒன்றாம் தேதி ஊரே கல்லறைக்குப் போகும் நாளில், அப்பா கல்லறைக்கு அவள் காலையில் போவாள், நான் மாலை நான்கு மணிக்கு.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

புசோ விற்கும் பாசிங் அக்கா, தென்னங்கீற்றில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களை மேசைமேல் வைத்தபடியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"தெரியோ, உன் தங்கச்சி தேர்தலுக்குப் பேரு குடுத்துட்டா! கபிதானுக்கு எதிரா!"

"யாரு, நெனித்தாவா?"

"வேற எத்தன தங்கச்சி வச்சிருக்க? மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணி வரணுமாம். மருத்துவச்சி வேலைக்குப் போற வீட்டுல எல்லாம் தண்ணி இல்லாம தவிச்சாளாம். கபிதான் வீட்டுப் பன்னிக்கு தினம் ரெண்டு குளியல், பிள்ள பெத்தவளுக்கு ஒரு வாளி இல்லன்னு பேசறா. எல்லாரும் சிரிக்கறாங்க. ஆனா கேக்கறாங்க."

பொட்டலத்தைப் பிரிக்காமல் தள்ளி வைத்தேன். மேசையில் துணிக்கு அடியில் அது இருக்கிறது.

ஆகஸ்ட் 30

தேர்தல் துப்பாக்கித் தடை வந்துவிட்டது. பாலத்தருகே போலீஸ் சோதனை. திருப்பிக் கொடுக்கத் தெருவில் எடுத்துப் போனால் நான் உள்ளே. வைத்திருந்தாலும் நான் உள்ளே. கடலில் போட்டால்? கபிதான் கேட்பாரே. கேட்டால் என்ன செய்வேன்?

செப்டம்பர் 4

வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி நிக்கறாளாமே."

"எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல."

"அது ஊருக்கே தெரியும். எப்ப தருவ?"

"ஸ்பிரிங் வரணும்."

"வரட்டும். நானே வந்து வாங்கிக்கறேன், நீ தெருவுல தூக்கிட்டு அலைய வேணாம்." கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "அடடா. உங்கப்பன் கையி. புரொபஸர்னா புரொபஸர்தான். எழுத்து மட்டும் மங்கிப் போச்சு. அதையும் ஒருதரம் அடிச்சுரு. அந்தப் பழைய பெட்டி உங்கிட்டதானே இருக்கு?"

ஏன் எழுத்து? அப்போது கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம். புகழ்ந்தார், அதில் குளிர்ந்துபோய் நின்றேன். ஐம்பத்து மூன்று வயதில்.

செப்டம்பர் 7

அவள் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே பெண்கள் சத்தம், சிரிப்பு. நாய் குரைத்தது. என்ன சொல்வது? 'உன்னைச் சுடப்போகிற துப்பாக்கியை நான்தான் பழுது பார்க்கிறேன், கவனமாக இரு' என்றா? திரும்பி வந்துவிட்டேன். கடிதம் எழுதினேன். கிழித்தேன். முதல் வரியிலேயே அந்த விசாரணையைப் பற்றி எழுதியிருந்தேன்.

செப்டம்பர் 12

வழி கிடைத்துவிட்டது. தோட்டாவைத் தட்டிச் சுடும் ஊசியின் முனையை அரத்தால் தேய்த்துக் குட்டையாக்கிவிட்டேன். விசையை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பார்த்தால் யாருக்கும் தெரியாது. இதற்காகவாவது படிப்பு உதவியது.

இனிச் சுடாது என்று ஆனபின் மற்றதை எல்லாம் மனதாரச் செய்தேன். இரும்புக்குக் கருநீல நிறம் ஏற்றி, எண்ணெய் போட்டு, மான்தோலால் துடைத்தேன். கடைசியாக வைஸ் இடுக்கியில் மெதுவாகப் பிடித்து எழுத்துகளை அடித்தேன். D. A. Z-ஐத் திருப்பி. A. O. ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. அப்பாவைவிட நேராக வந்திருக்கிறது.

செப்டம்பர் 14

வாங்கிக்கொண்டு போனார். விசையை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. எழுத்துமேல் கட்டைவிரலை ஓட்டினார், சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான்.

செப்டம்பர் 19

பாசிங் அக்கா கூடையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள். நேற்று சாயங்காலம் நெனித்தா வீட்டில் கூட்டம். புசோ கொடுக்க இவளும் போயிருக்கிறாள். கபிதான் தனியாக வந்தாராம், கையில் ஒரு டப்பா ரொட்டியோடு.

"சிரிச்சுக்கிட்டேதான் வந்தாரு. காப்பி குடிச்சாரு. அப்புறம் கைக்குட்டைல சுத்தின எதையோ மேசைமேல வச்சு, 'நெனித்தா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, இதுல என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லேன்'னாரு. திறந்தா துப்பாக்கி. எல்லாரும் ஒரு அடி பின்னால போயிட்டோம். உன் தங்கச்சி நகரல. குனிஞ்சு பாத்தா."

"என்ன சொன்னா?"

"எழுத்த விரலால தடவினா. 'புதுசா அடிச்சிருக்கு'ன்னா. கபிதான், 'ஆமா, போன வாரந்தான். பாசமான கையி'ன்னுட்டு எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு காலைல அவ போயி மனுவை வாபஸ் வாங்கிட்டா." அக்கா கூடையை மாற்றிப் பிடித்தாள். "தெரியோ, நீயா செஞ்ச?"

செப்டம்பர் 20

போனேன். இந்த முறை கதவைத் தட்டினேன். பின்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருக்கிறது, தூரத்திலிருந்து தெரிந்ததில்லை.

"அது சுடாது நெனித்தா. ஊசிய நான் தேய்ச்சு வச்சுட்டேன். யாரு இழுத்தாலும் சுடாது."

"சுடும்னு நான் பயந்தேன்னு யாரு சொன்னா?"

"பின்ன ஏன் வாபஸ் வாங்கின?"

துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவன் சுடுவான்னா எதிர்த்து நின்னுருப்பேன். எங்கூட இருந்தவங்க எல்லாரும் அந்த எழுத்தைப் பாத்தாங்க. கூடப் பொறந்தவனே அந்தப் பக்கம். அப்புறம் நான் யாரு வீட்டு வாசல்ல போயி ஓட்டுக் கேக்கறது?"

"நான் அவன் பக்கம் இல்ல."

"அத துப்பாக்கில எழுதலையே அண்ணே."

அண்ணே என்றாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. அதற்குமேல் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21

ஊசியைத் தேய்த்தேனாம். பெரிய மூளை! முட்டாளே, அவன் உங்கிட்டக் கேட்டது எழுத்த மட்டுந்தாண்டா.

அக்டோபர் 16

சுகாதார நிலையத்தில் மருத்துவச்சியாக இருந்த நெனித்தாவின் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். பட்டறை சர்ட்டிபிகேட் நான் கேட்காமலே வீடு தேடி வந்தது.

அக்டோபர் 30

தேர்தல். சீட்டில் ஒரே ஒரு பெயர். போகவில்லை.

நவம்பர் 1, புதன்

நான்கு மணிக்குக் கல்லறைக்குப் போனேன். வாசலில் பாசிங் அக்கா இன்று மெழுகுவர்த்தி விற்கிறாள்.

"தெரியோ, உன் தங்கச்சி காலைல வந்துட்டுப் போனா. சாமானெல்லாம் கட்டியாச்சு. ரெண்டு மணிப் படகுல புருஷன் ஊரு கமோட்டெஸ் தீவுக்கே போயிட்டாங்க. நாலு மணிக்கு நீ வருவன்னு இதக் குடுத்தா."

முடிச்சுப் போட்ட கைக்குட்டை. உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. முனையில் N.

"என்னமோ சொன்னா... ஆங். 'நாலு வயசுல, என் பேரு எழுத்துன்னு எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டேன். அண்ணன அடிச்சதும் பயந்துட்டேன், அப்புறம் சொல்ல வாய் வரல. இனிமே அவன் Z-ஐத் திருப்ப வேணாம்'னா. என்ன எழவு, எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன்.

அப்பாவின் கல்லறையில் அவள் ஏற்றிய மெழுகு உருகிக் காய்ந்திருந்தது. அதன்மேலேயே என்னுடையதை நிறுத்தினேன். நான் தொலைக்கவில்லை. நாற்பத்து நான்கு வருடமாகச் சொன்னேன். சாட்சி இதோ, உள்ளங்கையில் கனக்கிறது. அப்பாவிடம் காட்டவும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் எந்த நேரத்திலும் போகலாம். நான்கு மணி வரை காத்திருக்கத் தேவையில்லை.