கையெழுத்துப் போடாத வக்காலத்து

திருநின்றவூர்
10.9.2025, இரவு 12.30

அன்புள்ள யூஜினுக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். பல் முளைக்கிற காய்ச்சலில் அழுதழுது ஆஷ்லி இப்போதுதான் தூங்கினாள்.

வக்கீல் குமாஸ்தா தமிழரசு அண்ணன் போன் செய்தார். அப்பீல் வக்காலத்தில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினீர்களாமே? "இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு உள்ளயே கெடக்கணும்னு வேண்டுதலா?" என்றார். எனக்கு மானம் போயிற்று.

பைக் நிறுத்துகிற தகராறில் துலுக்கானத்தைத் தள்ளினீர்கள். மண்டையில் அடிபட்டு இறந்துபோனார். அதை நாம் மறுக்கவே இல்லை. ஏழு வருஷம் அதிகம், குறையுங்கள் என்று மட்டும்தான் கேட்கப் போகிறோம். இன்னும் இருபது நாள்தான் கெடு.

அன்று தண்டனை சொல்லுமுன் ஜட்ஜ் கேட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, முதல் கேஸ் என்று எல்லோரும் கெஞ்சுகிற இடம் அது. "ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றீர்கள். கைக்குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருந்தேனே, எங்களைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லையா?

ரெனிதா

புழல்
14.9.2025

அன்பு ரெனிதா,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

அன்று உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உனக்கு முன் பெஞ்சில் துலுக்கானத்தின் அம்மா கண்ணம்மா இருந்தார். அவர் காதுபட, எனக்கொரு பிள்ளை இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? ஏழு வருஷம் ஓடிவிடும். நீ பூந்தமல்லியில் உன் அம்மா வீட்டில் போய் இரு. கோபப்படாதே.

யூஜின்

திருநின்றவூர்
18.9.2025

யூஜினுக்கு,

கோபப்படாமல் வேறு என்ன செய்ய?

நேற்று மாங்காட்டுக்குப் போய்க் கண்ணம்மாவைப் பார்த்தேன். உள்ளே கூப்பிடவில்லை. நீங்கள் எழுதியதை வாசலில் நின்றே சொன்னேன். "சொல்லியிருந்தா என் வயிறு எரிஞ்சிருக்கும். சொல்லாம நின்னானே, அதால எம்புள்ள வந்துட்டானா? போம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டது அவருக்கு உதவவில்லை, எனக்கும் உதவவில்லை. உங்கள் மனசுதான் லேசாயிற்று. அதற்காக ஆஷ்லி ஏழு வயது வரைக்கும் அப்பாவைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டுமா? அம்மா வீட்டுக்கும் நான் போக மாட்டேன்.

திங்கட்கிழமை தமிழரசு அண்ணன் திரும்ப பேப்பரோடு வருவார். கையெழுத்துப் போடுங்கள். முடியாதென்றால் அதைக் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பாமல் எனக்கே எழுதுங்கள். பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

ரெனிதா