விருந்துக்கு முன் போட்ட இரண்டாவது மாத்திரை

திருவண்ணாமலை
16.6.1998

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். வழக்கமாக இந்த வார்த்தையைக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை பேனாவை நிறுத்தி யோசித்துத்தான் எழுதினேன். பயப்படாதே, எழுதுகிறவன் நான்தான், மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக உட்கார்ந்து எழுதுகிறேன். போன புதன்கிழமை நடந்ததை சகாதேவன் உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். அவன் சொன்னால் அந்தக் கதையில் நான் இரண்டு முறை செத்துப் பிழைப்பேன்.

சகாதேவனை உனக்கு ஞாபகம் இருக்கும், நான் கண்டக்டராக இருந்த காலத்தில் பதினோரு வருஷம் என் பஸ்ஸுக்கு டிரைவர். அவன் மகள் சிந்துஜாவுக்கு நிச்சயதார்த்தம், அடி அண்ணாமலையில் வீட்டு வாசலிலேயே பந்தல். பௌர்ணமி அன்று ஊரே மலையைச் சுற்றும், வண்டி எதுவும் உள்ளே வர முடியாது என்று இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவனுக்கே தோன்றவில்லை பார். சமையல் சந்திரம்மாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசெல்லாம் அவள் போடும் பாதுஷாவில்தான். என் சர்க்கரை நோய்க்கு டாக்டர் அருணாதேவி தினம் காலையில் ஒரு மாத்திரை, டிபனோடு, என்று எழுதிக்கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அன்று காலை என் சொந்த மூளை வேலை செய்தது. இனிப்பு ஜாஸ்தி சாப்பிடப் போகிறோம், மாத்திரையும் ஒன்று ஜாஸ்தி போட்டால் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று யாருக்கும் தெரியாமல் இரண்டு போட்டுக்கொண்டேன். வயிற்றில் இடம் வேண்டுமே என்று டிபனையும் விட்டேன். அம்மா தட்டை வைத்தபோது அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். செங்கம் ரோட்டில் பஸ்ஸை மறித்துவிட்டார்கள், மீதி தூரம் முழுக்க நானும் அம்மாவும் வெயிலில் நடைதான்.

பந்தலுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அவர்கள் வேன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எங்கேயோ நிற்கிறதாம். அவர்கள் வராமல் இலை போட முடியுமா? மணி பத்து, பத்தரை, பதினொன்று. பாதுஷா வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது, புழுக்கம்தான் என்று நினைத்து விசிறிக்கொண்டேன். அதற்கு மேல் நடந்தது எனக்கு ஞாபகமில்லை, சகாதேவன் சொல்லித்தான் தெரியும். திடீரென்று எழுந்து பந்தல் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களை எல்லாம் "உள்ள போங்க உள்ள போங்க, படியில நிக்காதீங்க, செங்கம் எல்லாம் எறங்குங்க"னு கத்தினேனாம். ஜனங்கள் சிரித்தார்களாம். அப்புறம் கால் மடங்கி அப்படியே நாற்காலியில் சரிந்தேனாம். சிரிப்பு நின்றுவிட்டது. பெண் வீட்டுச் சொந்தம் ஒருத்தர் "காலங்காத்தாலேயே குடிச்சிட்டு வந்துட்டாரு"ன்னாராம். ஒரு சொட்டு தொடாத என்னைப் பார்த்து! சகாதேவன் குனிந்து என் வாயை மோந்து பார்த்துவிட்டு, "சரக்கு வாசனை இல்லப்பா"ன்னு ஊருக்கே சாட்சி சொன்னான்.

அதற்குள் சந்திரம்மாள் அடுப்பை விட்டு ஓடிவந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணி கலந்து கொண்டுவந்தாள். அம்மா பாய்ந்து வந்து, "ஐயோ, அவருக்கு சுகர் இருக்கு, இனிப்பு குடுக்காதீங்க"ன்னு அந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். எல்லாம் மண்ணில் போயிற்று. பந்தலில் இருந்தவர்களும் அம்மா பக்கம்தான், சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரையா என்று. சந்திரம்மாள் அசரவில்லை. "யக்கா, இது ஏறினது இல்ல, எறங்கினது. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வேர்த்துக் கொட்டி ஒளறினாரு, ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க. வுடு என்ன"ன்னு இன்னொரு டம்ளர் கலந்தாள். கொடுப்பதற்கு முன்னால், "அண்ணா, உங்க பேரு இன்னா, முழுங்குவீங்களா"ன்னு கேட்டாளாம், நினைவு இல்லாதவர்கள் வாயில் ஊற்றினால் புரை ஏறிப் போய்விடும் என்று. நான் பேரோடு பேட்ஜ் நம்பரையும் சொன்னேனாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் பந்தல் எனக்குப் பந்தலாகத் தெரிந்தது. எதிரே அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், அந்த முகத்தை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. சந்திரம்மாள் உடனே இட்லியும் ஊட்டச் சொன்னாள், சகாதேவன் எப்படியோ ஒரு ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். சாப்பிட்டாயிற்றே, எதற்கு ஆஸ்பத்திரி என்று நான் வழியெல்லாம் சண்டை போட்டேன். அன்று சாயங்காலமே மறுபடியும் இறங்கிவிட்டது, குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் தூங்குகிறேன் என்று நினைத்து அப்படியே விட்டிருப்பார்கள்.

டாக்டரம்மா ஒரு சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு போடச் சொல்லி யாரு சொன்னது?"ன்னாங்க. நானேதான் என்றேன். "அப்போ உங்களுக்கு டாக்டர் யாரு, நானா நீங்களா?"ன்னாங்க. இந்த மாத்திரை நாள் பூராவும் உள்ளே வேலை செய்யுமாம், சாப்பிடாமல் போட்டால் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடுமாம், நடந்தால் இன்னும் இறங்குமாம். விருந்தென்று கூட்டவும் கூடாது, விரதமென்றால் போடுவதா விடுவதா என்று நாமே முடிவு செய்யவும் கூடாது, முதலில் கேட்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் அதற்கும் சேர்த்து அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை இருக்க வேண்டும். இப்போது நான் பையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு திரிகிறேன், எறும்புகளுக்கெல்லாம் என்னை நன்றாக அடையாளம் தெரிகிறது. கூடவே பேரும் நோயும் மாத்திரையும் எழுதின ஒரு சீட்டு.

நீயும் ஒன்று கேள் கண்ணு. உடம்பு நன்றாக இருக்கிறது, தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதே. நம் வீட்டு மூளை எப்படி வேலை செய்யும் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா. சிந்துஜாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று அன்றே நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு மணிக்கு வந்து பாதுஷாவை ஒன்று விடாமல் சாப்பிட்டார்களாம்.

கடைசியாக ஒரு காரியம், இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அம்மா சரியாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. டம்ளரைத் தட்டிவிட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், நானே உங்களைக் கொன்றிருப்பேனே என்கிறாள். நான் தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள். தப்பு என்னுடையது. சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்த அன்றே சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன், வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனிப்பு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்ததை வைத்து என்னைக் காப்பாற்றத்தான் தட்டினாள். இதை நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைக்கிறாள். நீ எழுது. இனிமேல் அவளும் என்னோடு உள்ளே வருகிறாள், நேற்று அவளே இரண்டு கேள்வி கேட்டாள்.

அண்ணாமலையார் அருளால் நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நான் எழுதச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கவரில் என் பெயரைப் போடாமல் திருமதி உண்ணாமலை என்று மட்டும் போடு. இத்தனை வருஷத்தில் தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்ததில்லை.

உன் அப்பா
க. தருமன்